மாலை ஏழு மணிக்கு அனிமோன்

தொரீனோ, 9 அக்டோபர் 1966

அன்புள்ள தங்கை பல்மீராவுக்கு,

வயிற்றுப் புளிப்பு நீங்கலாக இங்கு நான் சுகம். உன் முழங்கால் எவ்வாறு இருக்கிறது என்பதை அறிய விரும்புகிறேன்.

நம் நிவெஸுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மணமகன் கொராதோ பல்பிஸ், பொறியாளர், அமைதியானவர். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை, அதாவது பிப்ரவரி 4 அன்று, பிற்பகலில் கோயிலில் திருமணம்; மாலை ஏழு மணிக்கு ஆற்றங்கரை விடுதியில் விருந்து. மணமகனின் பெரியப்பா ஆயர் இல்லத்தில் உயர்ந்த பொறுப்பிலிருக்கும் குருவானவர். அவரே திருமணத்தை நடத்தி வைக்க இசைந்திருக்கிறார். அந்தக் குடும்பம் சமய ஒழுங்கில் மிகக் கண்டிப்பானது என்பதையும் இங்கே குறிப்பிட்டுவிடுகிறேன்.

நிவெஸின் விருப்பம் ஒன்றுதான். விருந்து மேசை முழுவதும் உன் தோட்டத்து அனிமோன் பூக்கள் இருக்க வேண்டும். கறுப்பு நடுவுள்ள வெள்ளையும் ஊதாவும் மட்டும். "அத்தையோட பூ இல்லைன்னா எனக்கு மேசையே வேண்டாம்பா" என்கிறாள். ஆகவே, முதலாவதாக, அந்தத் தேதியில் பூ கிடைக்குமா என்பதையும், இரண்டாவதாக, விருந்து முடியும்வரை அவை மலர்ந்த நிலையிலேயே இருக்குமா என்பதையும் எழுத்துமூலம் உறுதிப்படுத்துவாயாக.

உன் நலம் நாடும் அண்ணன்,
எர்மானோ


தாஜ்ஜா, 17 அக்டோபர் 1966

அன்புள்ள அண்ணனுக்கு,

ஏறும்போது மட்டும்தான் முழங்கால் வலிக்கிறது; எங்கள் தோட்டமோ ஏறுவதற்கென்றே உண்டானது. வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதீர்கள் என்று சொன்னால் நீங்கள் கேட்கவா போகிறீர்கள்?

கடிதத்தை வாசித்ததும் பாத்தியிலிருந்த நீலோவைக் கூவி அழைத்தேன். "நம்ம நிவெஸுக்குக் கல்யாணம்!"

"யாரு, சைக்கிள்ல இருந்து விழுந்து என் சட்டையில மூக்கைச் சிந்துனாளே, அவளுக்கா? அப்போ எனக்குப் புதுக் கோட்டு வேணும். இருக்கிறது ரெண்டு போப்பாண்டவருக்கு முந்தினது."

உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: பிப்ரவரிதான் அதன் பருவம், வேண்டிய மட்டும் கிடைக்கும். இரண்டாவதற்கு: வாடாது, ஆனால் மூடிக்கொள்ளும். வெயிலோடு விரிந்து வெயிலோடு மூடுகிற பூ அது. வெட்டி நீரில் வைத்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடாது. மாலை ஏழு மணிக்கு, மெழுகுவத்தி வெளிச்சத்தில், உங்கள் விருந்தினர் பார்க்கப்போவது மேசை நிறைய மொக்குகளைத்தான். விருந்தை நண்பகலுக்கு மாற்றினால் என்ன?

நாங்கள் எந்த ரயிலில் வரவேண்டும், எங்கே தங்க வேண்டும் என்பதை எழுத மறந்துவிட்டீர்கள்.

நிவெஸின் நெற்றியில் ஒரு முத்தம் வையுங்கள், எனக்காக.

தங்கை பல்மீரா


தொரீனோ, 8 நவம்பர் 1966

அன்புள்ள பல்மீராவுக்கு,

இரண்டு வாரமாக மூடுபனி, இருமலும் சேர்ந்துகொண்டது. நீ நலமென்றே நம்புகிறேன்.

விருந்தின் நேரம் இரு குடும்பத்தாரும் கலந்து முடிவு செய்தது. அதை மாற்ற இயலாது.

உன் கூற்றைச் சரிபார்க்கும் பொருட்டு இங்குள்ள கடையில் ஒரு கட்டு அனிமோன் வாங்கினேன். உயரமான கண்ணாடிக் குடுவையில் கழுத்துவரை நீரூற்றி, சாப்பாட்டு மேசையில், பழத்தட்டின் அருகே வைத்தேன். மறுநாளே காம்புகள் அனைத்தும் என்னிடம் பேசப் பிடிக்காதவை போலச் சன்னல் பக்கம் வளைந்துவிட்டன. அதற்கு அடுத்த நாள் இதழ்கள் உதிர்ந்தன. காம்பின் அடி கூழாகிவிட்டது. மூடுகின்றனவா என்று பார்ப்பதற்கே வாய்ப்பின்றிப் போயிற்று. இப்படிப்பட்ட பூவை ஒரு முக்கியமான நிகழ்ச்சிக்கு நம்புவது உசிதமா என்ற ஐயம் எழுகிறது.

மூடாமல் தடுக்க ஏதேனும் வழிமுறை இருப்பின் தெரிவிக்கவும். நீ எழுப்பியிருந்த மற்ற விஷயங்கள் இன்னும் பரிசீலனையில் இருக்கின்றன.

அன்புடன்,
எர்மானோ


தாஜ்ஜா, 15 நவம்பர் 1966

அன்புள்ள அண்ணனுக்கு,

இருமலுக்கு எங்கள் தேனை ரயிலில் அனுப்பியிருக்கிறேன். குடித்துவிட்டுச் சட்டம் பேசுங்கள்.

நீங்கள் அந்தப் பூவைக் கொன்றிருக்கிறீர்கள். ஆப்பிள் பழுக்கும்போது விடுகிற மூச்சு அனிமோனுக்கு ஆகாது. பழத்தட்டு இருக்கும் அறையிலேயே வைக்கக் கூடாது. காம்பு மென்மையானது, ஆழமான நீரில் அழுகும். மூன்று விரல் குளிர்ந்த நீர் போதும். ஆனால் நிறையக் குடிக்கும். தினமும் மாற்றி, அடியை ஒரு நகம் அளவு புதிதாக வெட்டிவிட வேண்டும். வெட்டிய பிறகும் அது வளரும், வெளிச்சத்தைத் தேடித் திரும்பும். அதற்குக் குடுவையைத் திருப்பி வைக்க வேண்டுமே தவிரக் கோபித்துக்கொள்ளக் கூடாது. படுக்கவைத்து அனுப்பினால் தலையைத் தூக்கிக் கழுத்தைக் கோணலாக்கிக்கொள்ளும். வாளியில் நிறுத்தித்தான் கொண்டுவர வேண்டும்.

மாலையில் மலரவைக்க வழி இருக்கிறது. பகல் முழுவதும் குளிர்ந்த, இருட்டான நிலவறையில் வைத்துவிட்டு, சாயங்காலம் நல்ல வெளிச்சமும் கதகதப்புமுள்ள அறைக்கு ஏற்றினால், விடிந்துவிட்டது என்று நம்பி விரியும். ஆனால் ஒவ்வொரு வாளியும் ஒரு மாதிரி. எது தயார், எது இன்னும் பொறுக்க வேண்டும் என்று கிட்டே நின்று பார்ப்பதற்கு ஆள் வேண்டும். இதை எழுதிக் கொடுக்க முடியாது. நானும் நீலோவும் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டால் நல்லது.

கோட்டுக்கு அளவு கொடுத்தாயிற்று. தையற்காரர் வயிற்றைச் சுற்றி நாடாவைப் பிடித்துக்கொண்டு, "மூச்சை விடுய்யா நீலோ, கல்யாணத்துல சாப்பிட வேண்டாமா?" என்று கேட்டாராம்.

ரயிலைப் பற்றி இந்த முறையும் நீங்கள் எழுதவில்லை.

அன்புத் தங்கை,
பல்மீரா


தொரீனோ, 18 டிசம்பர் 1966

அன்புள்ள பல்மீராவுக்கு,

நீதிமன்றப் பணி மிகுதியால் தாமதமாயிற்று. தேன் வந்து சேர்ந்தது, நன்றி. இருமல் குறைந்திருக்கிறது. உங்கள் பக்கம் குளிர் கடுமையாக இராதென நினைக்கிறேன்.

உன் இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்து மறுபடி வாசித்தேன். மலர் வளர்ப்பைப் பற்றிய ஒவ்வொரு விளக்கமும் ஒரே இடத்தில்தான் வந்து முடிகிறது: நீயும், உன் இல்லத்தில் வசிப்பவரும் நேரில் வந்தாக வேண்டும் என்பதில். எங்கள் தொழிலில் இதற்கு வாதம் என்று பெயர். உன் கடிதத்தில் பூவைப் பற்றிய உண்மை எங்கே முடிகிறது, கோரிக்கை எங்கே தொடங்குகிறது என்பதை என்னால் பிரித்தறிய முடியவில்லை. பூ உண்மையிலேயே மூடுமா என்பதையே இப்போது ஐயுறுகிறேன்.

தெளிவுக்காக ஒன்றைச் சொல்கிறேன். முதல் மனைவி உயிருடன் இருக்கையில், அவரைப் பிரிந்தவர் மறுமணம் செய்ய இந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. திருச்சபையின் நிலையும் அதுவே. நான் இதைக் குற்றமாகக் கூறவில்லை; நிலைமையைக் கூறுகிறேன். பல்பிஸ் குடும்பத்தாரும் குருவானவரும் அமரும் மேசையில் இந்த நிலைமை எவ்வாறு பொருள்கொள்ளப்படும் என்பதை நீயே ஊகிக்கலாம். இருக்கைகளின் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டுவிட்டது.

பராமரிப்பு முறையைப் படிப்படியாக எழுதி அனுப்பினால், விடுதிப் பணியாளர்கள் அதன்படி செய்வார்கள்.

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள்.

எர்மானோ


தாஜ்ஜா, 22 டிசம்பர் 1966

அண்ணனுக்கு,

நாங்கள் நலம். பண்டிகைக்கு ஒரு ஜாடி உப்பு நெத்திலியும் ஒரு கட்டு அனிமோனும் அனுப்புகிறேன். பூ மூடுகிறதா இல்லையா என்பதை நீங்களே உட்கார்ந்து விசாரணை செய்துகொள்ளுங்கள்.

நான் நிவெஸின் ஞானத்தாய். அவளைக் கையில் ஏந்தித் திருமுழுக்குத் தொட்டியருகே நின்றவள் நான். அவள் அம்மா இறந்த பிறகு மூன்று குளிர்காலம் அவளை இங்கே கொண்டுவந்து விட்டீர்கள். நீலோ அப்போதும் இந்த வீட்டில்தான் இருந்தார். அவளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது அவர். பல் ஆடியபோது பிடுங்கிவிட்டது அவர். அப்போது அவர் உங்களுக்கு நிலைமையாகத் தெரியவில்லை. அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை எழுதினால் பேனா உடைந்துவிடாது.

என் மகள் போன்றவளின் திருமணத்துக்கு என்னை அழைக்கிறீர்களா, இல்லையா? ஒரு வரி போதும்.

பல்மீரா


தொரீனோ, 9 ஜனவரி 1967

என் அன்பு அத்தைக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? நீலோ மாமா எப்படி இருக்கிறார்? நான் சுகம். ஆனால் என் வருங்கால மாமியார் மெழுகுவத்தியின் நிறத்தைப் பற்றி இதுவரை நான்கு முறை வந்து பேசிவிட்டார்.

நீங்கள் பண்டிகைக்கு அனுப்பிய பூவை வைத்துக்கொண்டு அப்பா அடித்த கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சன்னல் கதவை மூடுவார், காத்திருப்பார், திறப்பார், மறுபடி மூடுவார். சமையற்கார அம்மாவைக் கூப்பிட்டு, "பாருங்க, மூடுது! நிஜமாவே மூடுது!" என்றார். அந்த அம்மா, "ஐயா, அதுக்குத் தூக்கம் வருதுங்க. உங்களுக்கு வரலையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அத்தை, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. பிப்ரவரி அறுவடையை விட்டுவிட்டு உங்களால் வர இயலாத நிலை என்று அப்பா சொன்னார். ஒரு நாள்கூடவா முடியாது? பூ பாத்தியிலேயே முற்றி உதிர்ந்தால் உதிரட்டுமே. உங்கள் பூ வரும், நீங்கள் இரண்டு பேரும் வரமாட்டீர்கள் என்று நினைத்தால் எனக்கு அந்த மேசையில் உட்காரவே மனம் இல்லை. அப்பாவிடம் திரும்பக் கேட்டால் காகிதத்தைப் புரட்டுகிறார்.

உங்கள் நிவெஸ்


தாஜ்ஜா, 13 ஜனவரி 1967

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

என் கேள்விக்கு மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. பதில் உங்கள் மகளிடமிருந்து வந்தது. அறுவடையை விட்டு வர இயலாத நிலை! எவ்வளவு அழகான வாசகம். அழைத்ததாகவும் நீங்கள் சொல்லவில்லை, நான் மறுத்ததாகவும் சொல்லவில்லை. பழி மட்டும் என் தலையில். ஞானத்தாய்க்குத் தன் பெண்ணைவிடப் பூ பெரிது என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டு அழுகிறது.

ஆமாம், நான் வாதம்தான் செய்தேன். நீங்கள் சரியாகவே வாசித்திருக்கிறீர்கள். பகலில் நிலவறை, ஐந்து மணிக்கு மேலே, விளக்கடியில், அவ்வளவுதான். சுமாரான புத்தி உள்ள எவனும் செய்வான். எழுதிக் கொடுக்க முடியாது என்று நான் சொன்னது பொய். உங்கள் வீட்டுக் கதவு எனக்குத் திறக்க வேறு வழி தெரியாமல் பூவின் பின்னால் ஒளிந்துகொண்டு தட்டினேன். நேராகத் தட்டியிருக்க வேண்டும்.

நிவெஸுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. உண்மையை நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நான் எழுதுவேன். எனக்கு உங்களைப்போல வாசகம் அமைக்க வராது.

பல்மீரா


தொரீனோ, 21 ஜனவரி 1967

அன்புள்ள பல்மீராவுக்கு,

நீ நலமாயிருக்க வேண்டுகிறேன். எனக்கு வயிறு மறுபடி தொந்தரவு தருகிறது.

நிவெஸிடம் சொல்லிவிட்டேன். நான் தவறான தகவல் எதையும் தரவில்லை, தகவலின் ஒரு பகுதியையே தந்தேன் என்பதை விளக்க முற்பட்டேன். அவள் முழுவதும் கேட்கவில்லை. "நீங்க பொய் சொல்லலப்பா. பொய்க்கு வக்காலத்து வாங்குனீங்க" என்றாள். இரண்டு நாளாக என்னுடன் பேச்சில்லை. உணவு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூடச் சமையற்கார அம்மா வழியாகக் கேட்கிறாள்.

ஆகவே, பிப்ரவரி 4 அன்று நடைபெறும் திருமணத்துக்கும் விருந்துக்கும் உன்னை இதன்மூலம் மனமார அழைக்கிறேன். உன் இருக்கை எனக்கு வலப்பக்கத்தில். மேற்படி அழைப்பு உனக்கு மட்டும் உரியது என்பதைக் கூற வருந்துகிறேன். இதற்கு மேல் என்னால் போக இயலாது. ஒரு நாள் மாலை மட்டும்தானே. அவர் புரிந்துகொள்வார் என எண்ணுகிறேன்.

அன்புடன்,
எர்மானோ


தாஜ்ஜா, 26 ஜனவரி 1967

அண்ணனுக்கு,

உங்கள் வயிறு ஆறட்டும்.

கடிதத்தை நீலோவுக்கு வாசித்துக் காட்டினேன். புதுக் கோட்டு கதவுக்குப் பின்னால் துணி போர்த்தித் தொங்கிக்கொண்டிருந்தது. "நீ போயிட்டு வா, பல்மீரா. நம்ம பொண்ணு அது. நான் இங்க வாளிங்களோட பேசிக்கிட்டு இருக்கேன். அதுங்க ஒண்ணும் என்னை யாருன்னு கேட்காது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் வரவில்லை. பதின்மூன்று வருஷமாக அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள், ஒரு மாலைக்கு மட்டும் அவரைக் கழற்றி மாட்டிவிட்டு வர முடியாது.

பூ வரும். நிவெஸுக்குக் கொடுத்த வாக்கு அது. கடற்கரைச் சாலை வரைக்கும் சரி, அதற்கு மேல் மலைப்பாதையில் பனி. வாளிகளை நிறுத்தியே கொண்டுவர வேண்டும். எங்கள் லாரியை அந்தப் பாதையில் ஓட்டத் தெரிந்தவர் நீலோ ஒருவர்தான். சனிக்கிழமை காலை வருவார். மேசையில் பூவை வைத்துவிட்டுப் புறப்பட்டுவிடுவார். விருந்தினராக வரவில்லை, உங்கள் ஒழுங்குக்கு அதனால் பங்கம் இல்லை.

அவர் லாரியோடு போனால் தோட்டத்தில் வெட்ட நான் ஒருத்திதான் மிச்சம். நீங்கள் நிவெஸிடம் சொன்ன காரணம் உண்மையாகிவிட்டது. மகிழ்ச்சிதானே?

பல்மீரா


தொரீனோ, 11 பிப்ரவரி 1967

அன்புள்ள பல்மீராவுக்கு,

நீ எவ்வாறு இருக்கிறாய் என்று கேட்பதற்கு எனக்குள்ள தகுதியை நான் அறிவேன், இருந்தாலும் கேட்கிறேன்.

நடந்ததை நடந்தபடியே எழுதுவது என் கடமை. நீலோ சனிக்கிழமை காலை விடுதிக்கு வந்தார். மலைப்பாதையில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டி ஓட்டினாராம். ஒரு காம்புகூடக் கோணவில்லை. பகல் முழுவதும் நிலவறையில் தம் மேற்கோட்டோடு வாளிகளின் நடுவே இருந்தார். மாலையில் சமையலறை விளக்குகளின் அடியில் அவற்றை ஏற்றி வைத்தார். சமையற்காரர், "யோவ், இது என்ன கோழிக்குஞ்சா, சூடு காட்டுறே?" என்று சத்தம் போட்டதும், "கத்தாதீங்க, அதுங்க இப்பதான் கண்ணு முழிக்குது" என்று இவர் சொன்னதும் கூடம்வரை கேட்டது. ஏழு மணிக்கு மேசை முழுவதும் பூ விரிந்திருந்தது. திருமதி பல்பிஸ் மெழுகுவத்தியின் நிறத்தைப் பற்றிப் பேச மறந்துவிட்டார்.

நீலோ பின்கட்டு வழியாகப் புறப்படும் நேரத்தில் நிவெஸ் எழுந்தாள். மணக்கோலத்தோடு சமையலறைக்குள் போனாள். "மாமா, எங்க போறீங்க?" என்ற குரலும், "மேசையில தண்ணி மூணு விரலுக்கு மேல ஊத்த வேண்டாம்னு சொல்லும்மா" என்ற குரலும் கேட்டன. அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். மேற்கோட்டைக் கழற்றச் சொன்னாள். உள்ளே அந்தப் புதுக் கோட்டு. உனக்கென ஒதுக்கிய இருக்கையில், என் வலப்பக்கத்தில், உட்கார வைத்தாள். நூற்றிருபது பேர் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

எதிரே இருந்த குருவானவர் என்னைப் பார்த்து, "வக்கீலய்யா, இவரு யாருன்னு சொல்லலியே?" என்றார்.

அவரைக் குறிக்கச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. நான் தேடிப் பார்த்தவன். தோட்டக்காரர் என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யாகாது. நண்பர் என்றும் சொல்லியிருக்கலாம். நிவெஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என் மைத்துனர்" என்றேன்.

சட்டப்படி அது உண்மைக்குப் புறம்பான கூற்று. சாட்சிகள் முன்னிலையில் கூறினேன், திருத்தவில்லை. குருவானவர் சற்று நேரம் என்னை நோக்கினார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே எண்ணுகிறேன். பிறகு நீலோவிடம், "தண்ணி மூணு விரலா? நான் பீடத்துல குடுவை நிறைய ஊத்துறேனே" என்றார். இருவரும் பழம் பரிமாறும்வரை பூவைப் பற்றியே பேசினார்கள்; பழத்தட்டைப் பூவுக்கு அருகில் வைக்க வந்த பணியாளை இருவருமாகச் சேர்ந்து விரட்டினார்கள். நடனத்துக்காக விளக்குகளைக் குறைத்தபோது பூக்கள் ஒவ்வொன்றாக மூடின. அப்போது யாரும் பூவைப் பார்க்கவில்லை.

நிவெஸ் என்னுடன் பேசுகிறாள். மன்னிப்பை எந்தச் சொற்களால் கோருவது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இக்கடிதத்தை அதன் வரைவாகக் கொள்வாயாக.

உன் அண்ணன்,
எர்மானோ


தாஜ்ஜா, 16 பிப்ரவரி 1967

அண்ணா,

முழங்கால் வீங்கியிருக்கிறது, மூன்று நாள் தனியாக ஏறி இறங்கிய வீக்கம். மற்றபடி இருக்கிறேன்.

நீலோ திரும்பி வந்ததும் துருவித் துருவிக் கேட்டேன். "பூ விரிஞ்சுது. சூப்பு நல்லா இருந்துச்சு. உங்கண்ணன் உப்பு அதிகமா போட்டுக்கிறாரு, வயிறு அதான் அப்படி" என்றார். அவ்வளவுதான். மேசையில் உட்கார வைத்ததைக்கூட நிவெஸின் கடிதம் வந்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். நீங்கள் அவரை என்னவென்று சொன்னீர்கள் என்பதை மட்டும் வாய்திறக்கவே இல்லை. நேற்று உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மேல் பாத்திக்குப் போனார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் உடனே இறங்கி வரவில்லை.

உங்களுக்கு நன்றி எழுத வேண்டுமென்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை, கோபம்தான் வருகிறது. பதின்மூன்று வருஷமாக இந்த ஊர்ச் சந்தையில், கோயில் வாசலில், ரொட்டிக் கடை வரிசையில் அந்தச் சொல் இல்லாமல் நின்றவள் நான். அது வெளிவந்தபோது யார் யாரோ கேட்டார்கள். விடுதிச் சமையற்காரன்கூடக் கேட்டிருப்பான். நான் இங்கே குனிந்து பூ வெட்டிக்கொண்டிருந்தேன். என் மகளை மணக்கோலத்தில் பார்க்கவுமில்லை. படத்தில் பார்த்துக்கொள் என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வரைவைப் படித்தேன். ஏற்கவில்லை, கிழிக்கவும் இல்லை. உயிர்ப்புத் திருநாளுக்கு இங்கே வாருங்கள். பூசை முடிந்து கூட்டம் வெளியே வரும்போது, எங்கள் பங்குச் சாமியார் நிற்கும் அந்த வாசலில், நீலோவின் பக்கத்தில் நின்று அதே சொல்லை இன்னொரு முறை சொல்லுங்கள். எழுதி அனுப்பினால் போதும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நான் காதால் கேட்க வேண்டும்.

தங்கை,
பல்மீரா